மரமடர்ந்த தெருவில் வீடு: வேர், குழாய், இலை, நிழல்

கேட்டவர் | மார்ச் 2, காலை 9.10

இரு பக்கமும் பெரிய மரங்கள் நிற்கும் தெருவில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. வாசல் சுவரிலிருந்து 4 மீட்டரில் ஒரு மரம். அடிமரத்தின் சுற்றளவு, நெஞ்சு உயரத்தில் அளந்தால், 1.5 மீட்டர். "வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும், வாங்கும் முன்பே வெட்டச் சொல்லுங்கள்" என்று ஒரு பக்கம். "ஏசியே வேண்டாம், நிழல் போதும்" என்று இன்னொரு பக்கம். எதை நம்புவது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கவாத்துக்காரர் | மார்ச் 2, காலை 11.35

இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம்.

மேலே எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் கீழேயும் வேர் போகும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பெரிய மரத்துக்கும் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணின் 60 செ.மீ.க்குள்தான் இருக்கும். தண்ணீர் உறிஞ்சும் சல்லிவேர்கள் அதிலும் மேலே, 30 செ.மீ.க்குள். காரணம் எளிது: வேருக்கு மூச்சு விடக் காற்று வேண்டும், ஆழத்தில் அது கிடைக்காது. அகலத்தில் கிளைகள் விரிந்த எல்லை வரை வேர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேருக்குத் தடை எதிர்ப்பட்டால் அதை உடைக்கப் போகாது, இளகின பக்கம் திரும்பிவிடும். அது தூக்குவதெல்லாம் பாரம் குறைந்தவற்றை: நடைபாதைக் கல், வாசற்படி, ஆழமில்லாத மதில். வீட்டுப் பாரம் முழுவதையும் சுமக்கும் அஸ்திவாரத்தைப் பெயர்த்து எடுக்கும் வலு வேருக்குக் கிடையாது.

கட்டடப் பொறியாளர் | மார்ச் 2, மாலை 6.20

மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். வேர் சுவரைத் தொடாமலேயே வீட்டை அசைக்க முடியும். அது மரத்தைவிட மண்ணைப் பொறுத்த விஷயம்.

மணல் கலந்த மண்ணில் பெரும்பாலும் பயமில்லை. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீண்ட வறட்சியில் மரம் ஈரத்தை உறிஞ்ச, ஒரு மூலைக்கடியில் மட்டும் மண் சுருங்கி, அந்த மூலை இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் வரும். பல சமயம் ஒரு முனையில் நூலாகவும் மறுமுனையில் அகன்றும் இருக்கும். வறட்சியில் விரிந்து மழைக்குப் பிறகு சுருங்கும் விரிசல் என்றால் சந்தேகம் உறுதியாகிறது.

மண்ணைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். அஸ்திவார ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, தண்ணீர் தெளித்து மாவு போல் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அழுத்திப் பட்டையாக வெளியே தள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குள் ஒடிந்தால் களி குறைவு. 5 செ.மீ. தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் களிமண். மேல்மண்ணில் இதைச் செய்து ஏமாறாதீர்கள். தோட்டத்துக்கென்று வேறு மண் கொட்டியிருப்பார்கள்.

விரிசல் இருந்தால் அதன் இரு பக்கமும் ஒரு சிறு ஆணி அடித்து, இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதுங்கள், ஒரு முழு ஆண்டு. 5 மி.மீ.க்குக் கீழே இருந்து, ஆண்டு முடிவில் பழைய அளவுக்கே திரும்பினால் பூசி மூடலாம். 5 மி.மீ. தாண்டினாலோ, ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போனாலோ ஆளைக் கூப்பிட வேண்டும்.

"வாங்கும் முன்பே வெட்டு" என்பதுதான் எனக்குக் கவலை. களிமண்ணில் பல ஆண்டாக உறிஞ்சிக்கொண்டிருந்த பெரிய மரத்தை ஒரே நாளில் எடுத்தால், மண் மெல்ல ஈரம் பிடித்து உப்பத் தொடங்கும். தரை மேலே எழும்பும், கதவு இறுகும். இது முடிய ஆண்டுகள் ஆகும். இறங்கின வீட்டைவிட எழும்பின வீட்டைச் சரி செய்வது கடினம். மரம் வீட்டைவிட மூத்தது என்றால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

கவாத்துக்காரர் | மார்ச் 2, இரவு 9.05

காலையில் நான் எழுதியதில் ஒரு திருத்தம். வேர் "கிளைகள் விரிந்த எல்லை வரை" என்றேன், அது குறைவு. தடையில்லாத மண்ணில் வேர்ப்பரப்பு அந்த எல்லையைத் தாண்டி இரண்டு மூன்று மடங்கு தூரம்கூடப் போகும். தெருவில் சாலை, சுவர், குழி என்று தடைகள் இருப்பதால் வட்டமாக இருக்காது. மண் இளகின பக்கம் நீண்டு, மற்ற பக்கம் குறுகி இருக்கும். அதனால் கிளையைப் பார்த்து வேரைக் கணக்கிட முடியாது. அடிமரத்தின் தடிமனை வைத்துக் கணக்கிடுவதுதான் வழக்கம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

குழாய்க்காரர் | மார்ச் 3, காலை 7.50

வேர் குழாயை உடைக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல குழாயை வேர் உடைப்பதில்லை. முதலில் குழாய் கசியும். கசிந்த இடத்து மண் ஈரமாகவும் சத்தாகவும் இருக்கும், அங்கே சல்லிவேர் பெருகும். இடுக்கில் நூல் போல நுழைந்து உள்ளே குஞ்சம் குஞ்சமாக வளரும். அப்புறம் தடித்து இடுக்கை அகலப்படுத்தும்.

பழைய வீடு என்றால் சுட்டமண் குழாயாக இருக்கலாம்: சிறு சிறு துண்டுகள், துண்டுக்குத் துண்டு சிமென்ட் பூசிய இணைப்பு. ஒவ்வொரு இணைப்பும் ஒரு வாசல். ஒழுங்காக ஒட்டிய பிவிசியில் இணைப்பும் குறைவு, தொல்லையும் குறைவு.

அறிகுறிகள்: ஒரே ஒரு தொட்டி மட்டும் மெதுவாக வடிந்தால் அது உள்வீட்டு அடைப்பு. எல்லாம் சேர்ந்து மெதுவானால், ஒன்றில் தண்ணீர் விடும்போது வேறொன்றில் களக் களக் என்று சத்தம் வந்தால், தரைமட்டத்தில் உள்ள வடிகாலில் எதிர்த்து ஏறினால், வெளியே போகும் பெரிய குழாயில் அடைப்பு.

வாங்கும் முன் கேமரா விட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து தெருச் சாக்கடை இணைப்பு வரை முழு நீளமும். எத்தனையாவது மீட்டரில் வேர், எங்கே பள்ளம் விழுந்து தண்ணீர் நிற்கிறது என்று எழுதி வாங்குங்கள். சுழல் கத்தி விட்டு வேரை அறுப்பது முடி வெட்டுவது போல. ஓரிரு ஆண்டில் திரும்ப வரும், சில சமயம் முன்னைவிட அடர்த்தியாக. இணைப்பை மாற்ற வேண்டும், அல்லது உள்ளுக்குள் இழை உறை போட்டு முழுதாக மூட வேண்டும். கல் உப்பை வாளி வாளியாகக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். கசியும் குழாயிலிருந்து அந்த உப்பு மண்ணுக்குப் போய் மரத்தை வாட்டும், இடுக்கு அப்படியே இருக்கும்.

கேட்டவர் | மார்ச் 3, காலை 10.15

வடிகால் எல்லாம் சேர்ந்து மெதுவாகத்தான் போகிறது. கேமராவுக்குச் சொல்லியாகிவிட்டது. மண் 5 செ.மீ. பட்டையாக வரவில்லை, 3-லேயே ஒடிகிறது. விரிசல் மயிரிழை அளவு. நிழல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கட்டடப் பொறியாளர் | மார்ச் 3, மாலை 5.40

3 செ.மீ. நல்ல செய்தி. ஓரளவு களி, அவ்வளவுதான்.

நிழல். உச்சிவெயிலில் நிழலில் இருக்கும் சுவரோ கூரையோ, அதே பொருளால் ஆன வெயில்பட்ட பரப்பைவிட 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியாக இருக்கலாம். இது பரப்பின் சூடு. காற்றின் சூட்டில் வித்தியாசம் மிகக் குறைவு: நிழலும் இலை விடும் ஈரமும் சேர்ந்து, கோடை உச்சத்தில் 1 முதல் 5 டிகிரி. "ஏசியே வேண்டாம்" என்பவர்கள் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள்.

மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் முக்கியம். மேற்கே நின்றால் அதிக லாபம். பிற்பகல் வெயில் சாய்ந்து சுவரிலும் கண்ணாடியிலும் நேராக அடிக்கும். அந்த வெயிலைச் சிறு சன்சேடு தடுக்காது, மரம் தடுக்கும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தைத் திரை போட்டு நிறுத்துவதைவிட, கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவது பல மடங்கு மேல்.

பலரும் கவனிக்காத ஒன்று: இரவில் அடர்ந்த கிளைக்கூரை வானத்தை மறைக்கும். திறந்தவெளி போலத் தரை வேகமாகச் சூட்டை வெளியேற்றாது. காற்றோட்டம் இல்லாத குறுகிய தெருவில் இரவுப் புழுக்கம் தெரியும். எதிரெதிர் ஜன்னல் இல்லாத வீடு என்றால் மாலை ஏழு மணிக்கு மேல் போய் உள்ளே அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

கவாத்துக்காரர் | மார்ச் 4, காலை 6.30

மழை ஓய்ந்த மறுநாளும் ஒருமுறை போங்கள். கூரை ஓர வாய்க்காலில் இலை அடைத்திருந்தால் சுவரில் கறை ஓடியிருக்கும்.

குழாய்க்காரர் | மார்ச் 4, காலை 8.15

அந்த வாய்க்காலைப் பற்றி: 3 மீட்டர் நீளத்துக்கு 6 மி.மீ.யாவது சரிவு வேண்டும். இலை அடைப்பது பெரும்பாலும் வாய்க்காலில் இல்லை, கீழிறங்கு குழாயின் வாயிலும் முதல் வளைவிலும். வாய்க்கால் முழுக்க வலை போட்டால் பெரிய இலை நிற்கும். பூ, காம்பு, விதைச் செதில் எல்லாம் வலைக்கு மேல் பாய் போலப் படிந்து, மழைநீர் உள்ளே விழாமல் வெளியே வழியும். சிற்றிலை மரங்களுக்கு வலை உபயோகமில்லை. குழாய் வாயில் குமிழ் போன்ற கம்பி வடிகட்டி வைத்து, உதிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையால் அள்ளுவதுதான் நடக்கிற காரியம்.

கேட்டவர் | மார்ச் 4, பகல் 1.00

மரத்தடியில் நிறுத்திய கார்கள் மேல் பிசுபிசுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. மரத்தின் பாலா?

கவாத்துக்காரர் | மார்ச் 4, இரவு 8.40

பெரும்பாலும் பால் இல்லை. அசுவினி, செதில் பூச்சி, மாவுப்பூச்சி போன்றவை இலைச்சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைக் கழிவாக விடும். அந்தத் தேன்கழிவுதான் சொட்டுகிறது. அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து கருப்பாகும். அடிமரத்தில் எறும்பு வரிசை ஏறினால் சந்தேகமே இல்லை. எறும்புகள் அந்தத் தேனுக்காக, அசுவினியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டும். எறும்பு ஏறுவதைத் தடுத்தாலே பாதி வேலை முடிகிறது. அடிமரத்தில் துணிப்பட்டை சுற்றி அதன்மேல் ஒட்டும் பசை தடவுங்கள், பட்டையில் நேராகத் தடவக்கூடாது. பக்கத்துச் சுவரிலோ கம்பியிலோ தொடும் கிளை ஒன்று இருந்தால்கூட எறும்பு அந்த வழியாகப் போய்விடும்.

தழைச்சத்து உரம் அதிகம் போட்டால் கொழுந்து மென்மையாகி அசுவினி பெருகும். உரம் போட்டுவிட்டு மருந்தும் அடிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம்.

காரில் படிந்ததை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் போகும், அன்றன்றைக்குச் செய்தால். பறவை எச்சத்தை உலர்ந்த நிலையில் துடைக்காதீர்கள், அதிலுள்ள துகள் பெயின்ட்டைக் கீறும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு, இளகியதும் எடுங்கள்.

புதிதாக வந்தவர் | மார்ச் 5, காலை 9.25

மரம் இருந்தால் தெரு இரைச்சல் கேட்காது, புகையும் வடிகட்டிவிடும் என்று படித்தேன். அதையும் கணக்கில் சேருங்கள்.

கட்டடப் பொறியாளர் | மார்ச் 5, மாலை 6.00

இரைச்சல் விஷயத்தில் ஒற்றை வரிசை மரத்துக்குப் பலன் ஏறக்குறைய இல்லை. தரையிலிருந்து உச்சி வரை அடர்ந்த நடவு, 30 மீட்டர் அகலத்துக்கு இருந்தால் 5 முதல் 8 டெசிபல் குறையும். தெருவில் அதற்கு இடம் ஏது? செங்கல் மதில் இதைவிட நல்ல வேலை செய்யும். ஆனால் இலைச் சலசலப்பும் பறவைச் சத்தமும் சேரும்போது அதே இரைச்சல் குறைவாகத் தொந்தரவு செய்கிறது. இது மீட்டரில் பதிவாகாத, ஆனால் குடியிருப்பவருக்குத் தெரியும் வித்தியாசம்.

புகையும் அப்படியே. இலைகள் தூசியைப் பிடிப்பது உண்மை. ஆனால் இரு பக்கமும் உயர்ந்த கட்டடம், நடுவில் குறுகிய சாலை, மேலே கிளைகள் கூடாரம் போல இணைந்திருந்தால், வண்டிப் புகை மேலே கலையாமல் கீழேயே தங்கும். இரண்டு வரிசைக்கும் நடுவில் வானம் தெரிகிற தெரு நல்லது.

பலனை எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு நம்பிக்கை தருவது 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலிநிவாரணியும் குறைவாகவே எடுத்தார்கள். 46 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் வீட்டில் அதிக நேரம் இருக்கும் அறையின் ஜன்னல் மரத்தைப் பார்த்து இருக்கட்டும் என்று சொல்ல அது போதும்.

கேட்டவர் | மார்ச் 5, இரவு 9.30

ஒரு கிளை கூரையைத் தொடுகிறது. இரண்டு மாடி உயரத்தில் அடிமரமே இரண்டாகப் பிரிகிறது. உச்சியைக் குறைத்து மொட்டையடித்துவிட்டால் பயமில்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

கவாத்துக்காரர் | மார்ச் 6, காலை 7.00

மொட்டையடிக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

உச்சியை வெட்டினால், வெட்டிய முனையைச் சுற்றிப் பத்து இருபது போத்துகள் வேகமாகக் கிளம்பும். அவை மரத்தின் உள்ளிருந்து வளர்ந்த கிளைகள் அல்ல, பட்டைக்கு அடியில் மேலாக ஒட்டியவை. சில ஆண்டில் பழைய உயரத்துக்கு வந்துவிடும். அதற்குள் வெட்டிய இடம் உளுத்திருக்கும். பாரமான போத்து, பலமில்லாத ஒட்டு, கீழே வீடு. இன்றைய பயத்தை நீக்கப் போய் நாளைக்கு உண்மையான ஆபத்தை உண்டாக்குகிற வேலை இது.

கூரையைத் தொடும் கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். முதல் வெட்டு: அடிமரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்பக்கம், தடிமனில் கால் பங்கு. இரண்டாவது: அதிலிருந்து சில செ.மீ. வெளியே, மேலிருந்து கீழாக முழுவதும். கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் இருக்கத்தான் முதல் வெட்டு. மூன்றாவது: மிஞ்சிய கட்டையை எடுப்பது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை போல ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெளியே வெட்டுங்கள். அடிமரத்தோடு வழித்து வெட்டினால் அந்தப் புடைப்பு போய்விடும். கட்டை நீட்டிக்கொண்டு விட்டாலும் மூடாது.

வெட்டுக்குத் தாரோ பெயின்ட்டோ பூசாதீர்கள். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டுப் புது மரத்தை மேலே வளர்க்கிறது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கியது இது. பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டி உளுப்புக்கு உதவுகிறது. ஓர் ஆண்டில் பச்சைக் கிளைகளில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் இருக்கும் கிளை நம் வேலையே அல்ல, மின்வாரிய ஆட்கள் வரட்டும்.

இரண்டாகப் பிரியும் கவை: அகன்று ப போல விரிந்து, சேருமிடத்தில் பட்டை வரப்பாக மேலே புடைத்திருந்தால் நல்லது. குறுகிய கவையாக, பட்டை உள்ளே மடிந்து புகுந்திருந்தால் இரு தண்டும் ஒட்டியதே இல்லை. காற்றில் பிளப்பது அங்கேதான். அடியில் நின்று தொலைநோக்கியில் பாருங்கள், கீழ்நோக்கி விரிசல் ஓடுகிறதா என்று.

கவாத்துக்காரர் | மார்ச் 6, காலை 7.45

விட்டுப்போனது. அடிமரத்தில், தரையோடு ஒட்டி, பலகை போலக் கெட்டியான காளான் இருக்கிறதா? வேர் உளுக்கிறது என்று பொருள், மேலே இலை பச்சையாக இருந்தாலும். பல ஆண்டாகச் சாய்ந்தே வளர்ந்த மரம் தன் உச்சியை நிமிர்த்தியிருக்கும், அது பரவாயில்லை. புதிதாகச் சாய்ந்து, எதிர்ப்பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருந்தால் அன்றே ஆளை அழையுங்கள், அடியில் யாரும் நிற்க வேண்டாம்.

புதிதாக வந்தவர் | மார்ச் 6, பகல் 12.10

பொந்து இருந்தால் சிமென்ட் போட்டு அடைக்கலாமா? கொசு வருகிறதே.

கவாத்துக்காரர் | மார்ச் 6, மாலை 4.30

வேண்டாம். மரம் அசையும், சிமென்ட் அசையாது. உரசி உரசிப் பொந்து பெரிதாகும். தண்ணீர் வடிய ஓட்டை போடுவதும் தவறு, மரம் உள்ளே எழுப்பிய சுவரை அது துளைத்துவிடும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை வெப்பநாளில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். மழைக்குப் பின் வாரம் ஒருமுறை பி.டி.ஐ. பொடி அல்லது வில்லை போடலாம், அது கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியா. பொந்தைவிட முதலில் கூரை வாய்க்காலையும் தொட்டிச் செடித் தட்டுகளையும் பாருங்கள்.

கேட்டவர் | மார்ச் 9, காலை 8.00

கேமரா முடிந்தது. 6-ஆவது, 9-ஆவது மீட்டரில் இணைப்புகளில் வேர். மற்ற இடம் சுத்தம். கவை ப போலத்தான் இருக்கிறது. வாங்குவதாக முடிவு. கார் நிறுத்த மரத்தைச் சுற்றிக் கான்கிரீட் போடலாம், புதுக் குழாயும் அதே வழியில் பள்ளம் தோண்டிப் போடலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா?

கவாத்துக்காரர் | மார்ச் 9, காலை 11.20

தடிமனை வைத்துக் கணக்கு என்றேனே, அது இதற்குத்தான். நெஞ்சு உயரத்தில் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்கு மண்ணைத் தொடக்கூடாது. பிரிட்டனின் கட்டுமானத் தரவிதி பி.எஸ். 5837 சொல்லும் கணக்கு இது. உங்கள் மரம் 1.5 மீட்டர் சுற்றளவு, விட்டம் 48 செ.மீ., ஆரம் 5.7 மீட்டர். வீடு 4 மீட்டரில் இருப்பதால் அந்தப் பக்கம் வட்டம் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கிறது. மிஞ்சிய பக்கத்திலும் பள்ளம் தோண்டிக் கான்கிரீட் போட்டால், மரம் உடனே சாகாது. மூன்று, ஐந்து ஆண்டு கழித்து உச்சிக் கிளைகள் காயும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது, மரத்துக்கு வயதாகிவிட்டது என்பார்கள்.

கார் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கட்டும். முடியாது என்றால் தோண்டாமல், இருக்கும் மண்மட்டத்தின் மேலேயே துணி விரித்து, தேன்கூட்டு வடிவ அறைகள் உள்ள தாங்குதட்டு வைத்து, அறைகளில் பொடி கலக்காத ஜல்லி நிரப்புங்கள். பாரம் பரவும், நீரும் காற்றும் இறங்கும். மண் கொட்டி மட்டம் உயர்த்துவதும் வேருக்கு மூச்சுமுட்டும். எஞ்சிய இடத்தில் உதிர்ந்த இலையையே 5 முதல் 10 செ.மீ. கனத்தில் மூடாக்காகப் போடுங்கள், அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டு. பட்டையோடு குவித்தால் பட்டை அழுகும்.

குழாய்க்காரர் | மார்ச் 9, மாலை 7.05

பள்ளம் வேண்டாம். இரண்டு இணைப்புதானே, மற்றது சுத்தம் என்றால் உள்ளுறை போட்டுவிடலாம், மண்ணைத் தொடவே வேண்டாம். வேரை அறுத்து, குழாயைக் கழுவி, மறுபடி கேமரா பார்த்துவிட்டுத்தான் உறை. நூலளவு வேர் மிஞ்சினாலும் அங்கே உறை சுவரோடு ஒட்டாது. 6-க்குக் கொஞ்சம் முன்னாலிருந்து 9-க்குக் கொஞ்சம் பின்னால் வரை ஒரே நீளமாகப் போடச் சொல்லுங்கள், இரண்டு ஒட்டாக வேண்டாம். முடிந்ததும் எடுக்கும் கேமராப் பதிவைத் தேதியோடு வாங்கி வையுங்கள். ஓராண்டு கழித்து அதே இரண்டு இடத்தையும் ஒருமுறை பாருங்கள்.